லாராவை மறக்காதவர்கள்

அன்புள்ள சார்,

வணக்கம். நான் அமெரிக்காவில், சியாட்டிலை ஒட்டியிருக்கும் பெல்வியூவில் வசிக்கிறேன். மென்பொருள் வேலை. சொந்த ஊர் திருவாரூர் பக்கம். கல்லூரிக் காலத்திலிருந்து உங்களை வாசிக்கிறேன், ஆனால் எழுதுவது இதுதான் முதல் தடவை. அதையும் ஒரு டிவி தொடரைப் பற்றி எழுதுகிறேனே என்று கூச்சமாக இருக்கிறது. சென்ற மாதக் கட்டுரை ஒன்றில் ‘ட்வின் பீக்ஸ்’ தொடரை ஒரு வரியில் குறிப்பிட்டிருந்தீர்கள். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

ஊரடங்குக் காலத்தில்தான் பார்க்க ஆரம்பித்தேன். 1990-91இல் வந்த 30 பகுதிகள், 1992இல் வந்த படம், 2017இல் வந்த 18 பகுதிகள் எல்லாவற்றையும் இதுவரை மூன்று முறை பார்த்துவிட்டேன். ஒரு நோட்டுப் புத்தகம் நிறையக் குறிப்புகள் வைத்திருக்கிறேன். தொடர் எடுக்கப்பட்ட ஸ்னோக்வால்மி, நார்த் பெண்ட் ஊர்கள் எங்கள் வீட்டிலிருந்து காரில் அரை மணி நேரம்தான். அருவி, அதன் தலைமேல் நிற்கும் ஓட்டல், செர்ரி பை விற்கும் உணவகம், கொலையாளியிடமிருந்து தப்பிய ரோனட் நடந்துவந்த ரயில் பாலம் எல்லாவற்றுக்கும் போய் வந்துவிட்டேன். மழைக்காலத்தில் அந்த மலைகளில் மேகம் இறங்கும்போது, லாரா பாமர் நிஜமாகவே இங்கே இருந்தவள் என்று தோன்றிவிடுகிறது.

முதல் தடவை என் கணவரும் கூட உட்கார்ந்து பார்த்தார். 2017 தொடரின் கடைசிப் பகுதி முடிந்து திரை இருண்டதும், “நாற்பது மணி நேரம் உட்கார வச்சு ஏமாத்திட்டானே” என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஆனால் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை, அழுதுகொண்டிருந்தேன். ஏமாந்தவள் அழுகிற அழுகையாக அது இல்லை.

உங்களிடம் கேட்க நினைப்பது இதுதான். கொலையாளி யாரென்று நடுவிலேயே சொன்னதுதான் தொடரைக் கெடுத்துவிட்டது என்று எல்லோரும் சொல்கிறார்கள். இயக்குநர் டேவிட் லின்ச்சே அப்படித்தான் சொல்லியிருக்கிறார். உங்கள் கருத்தும் அதுதானா? விடையே இல்லாத ஒன்றின் பின்னால் இத்தனை வருடம் போனது வீண்தானா? இன்னொன்று. என் மகளுக்கு இப்போது பதினேழு வயது. லாராவுக்கும் அதே வயதுதான். நோட்டைப் பார்த்துவிட்டு “எனக்கும் காட்டும்மா” என்கிறாள். காட்டலாமா?

அன்புடன்,
ம.

அன்புள்ள ம.,

கூச்சப்பட ஒன்றுமே இல்லை. ஒரு கதையில் வருகிற பெண்ணுக்காக ஒருவர் இரவெல்லாம் அழுதிருக்கிறார் என்றால் அது பேச வேண்டிய விஷயம்தான். கொலையாளி யாரென்று சொல்லாமல் உங்கள் கேள்விக்குப் பதில் எழுத முடியாது. இனிமேல் பார்க்கலாம் என்றிருக்கும் வாசகர்கள் இந்த இடத்தில் நிறுத்திக்கொண்டு, பார்த்தபின் திரும்பி வரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

தொடரை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாக: அமெரிக்காவின் வடமேற்கு மூலையில், கனடா எல்லைக்குப் பக்கத்தில், மரம் அறுத்துப் பிழைக்கும் ஒரு கற்பனை ஊர் ட்வின் பீக்ஸ். ஒருநாள் காலை, பிளாஸ்டிக் தாளில் சுற்றிய ஒரு பெண்ணின் உடல் ஏரிக்கரையில் ஒதுங்குகிறது. லாரா பாமர், பள்ளியின் செல்லப்பெண். விசாரிக்க எஃப்பிஐ அதிகாரி டேல் கூப்பர் வருகிறார். டேவிட் லின்ச்சும் மார்க் ஃப்ராஸ்டும் உருவாக்கிய இந்தத் தொடரின் முதல் பகுதியை 1990 ஏப்ரல் 8 அன்று ஏபிசி தொலைக்காட்சி ஒளிபரப்பியபோது மூன்று கோடிக்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள். வாரம் முழுக்க அந்த நாடே ‘லாராவைக் கொன்றது யார்’ என்று கேட்டுக்கொண்டிருந்தது.

நான் பார்த்தது அதற்குப் பதினெட்டு வருடம் கழித்து, 2008இல். வெளிநாட்டிலிருந்து வந்த நண்பர் ஒருவர் பத்து டிவிடிகள் கொண்ட பெட்டியைத் தந்துவிட்டுப் போனார். அப்போது அம்மாவைப் பார்த்துக்கொள்வதற்காகக் கும்பகோணம் வீட்டில் இருந்தேன். ஒரே மூச்சில் பார்த்துத் தீர்க்க எனக்கு மனமில்லை. முதல் பருவம் அங்கே வியாழக்கிழமைகளில் வந்தது என்று படித்திருந்தேன், அதனால் வியாழன் இரவு ஒரு பகுதி, அடுத்தது அடுத்த வியாழன் என்று வைத்துக்கொண்டேன். அந்த ஏழு நாள் இடைவெளி இல்லாமல் இந்தத் தொடரைப் பார்ப்பது, ஆறவிடாமல் பால் குடிப்பது மாதிரி. சனிக்கிழமை கடைத்தெருவில் நடக்கும்போது திடீரென்று ஒரு முகம் ஞாபகத்துக்கு வரும், அவள் ஏன் அப்படிப் பார்த்தாள் என்று. அதற்கெல்லாம் நேரம் வேண்டும்.

அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. கூடத்தில் ஈசிசேரில் சாய்ந்து வெற்றிலை நரம்பு கிள்ளிக்கொண்டிருப்பாள், ஒரு கண் டிவி மேல் இருக்கும். முதல் பகுதியில் அந்த டெலிபோன் காட்சி வந்தது. உங்களுக்கு மனப்பாடமாகவே இருக்கும். காலையில் மகளைக் காணோம் என்று சாரா பாமர் ஒவ்வொரு இடமாகப் போன் செய்கிறாள். கடைசியில் ஓட்டலில் இருக்கும் கணவனிடம் பேசுகிறாள். அவர் லீலண்ட், வக்கீல். பேசிக்கொண்டிருக்கும்போதே ஷெரீஃப் ட்ரூமன் வருவதை லீலண்ட் பார்க்கிறார். ஷெரீஃப் இன்னும் எதுவும் சொல்லவில்லை. லீலண்டின் கையிலிருந்து ரிசீவர் நழுவுகிறது. கேமரா ரிசீவரின் சுருள் வயரைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கீழே இறங்குகிறது. தொங்கும் ரிசீவருக்குள்ளிருந்து சாராவின் அழுகை சின்னதாகக் கேட்கிறது. பிறகுதான் அவளைக் காட்டுகிறார்கள், அந்தக் கதறலை முழுசாகக் கேட்க வைக்கிறார்கள். விட்டு நகரவே மாட்டார்கள். ஒரு துப்பறியும் தொடரில் இவ்வளவு நேரம் ஒரு தாயை அழவிடுவார்களா என்று நினைக்கும் அளவுக்கு.

அம்மா வெற்றிலையைக் கீழே வைத்துவிட்டாள். “யாரும் சொல்லலடா. அவளுக்கே தெரிஞ்சுபோச்சு” என்றாள். அத்தோடு எழுந்து உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகு ஒரு வியாழன்கூட அவள் தவறவிட்டதில்லை. வசனம் எதையும் என்னிடம் கேட்க மாட்டாள், “அந்தப் பொண்ணோட அம்மா இன்னிக்கு வருவாளா?” என்பது மட்டும்தான் கேள்வி.

என் அம்மா இந்தத் தொடரை என்னைவிடச் சரியாகப் பார்த்தாள் என்றே இன்றும் நம்புகிறேன். நான் கொலையாளியைத் தேடிக்கொண்டிருந்தேன். ஒரு வீட்டில் சாவு விழுந்திருக்கிறது என்பதிலேயே அவள் நின்றுவிட்டாள். அந்த முதல் பகுதியை மறுபடி பாருங்கள். வகுப்பில் பெயர் கூப்பிடுகிறார்கள், ஒரு நாற்காலி காலி. வெளியே ஒரு மாணவி கதறிக்கொண்டு ஓடுகிறாள். லாராவின் தோழி டோனா அந்த நாற்காலியைப் பார்க்கிறாள், அவளுக்குப் புரிந்துவிடுகிறது. ஒலிபெருக்கியில் செய்தி சொல்லும் தலைமையாசிரியரால் சொல்லி முடிக்க முடியவில்லை. பிணத்தைப் படமெடுக்க வந்த போலீஸ்காரர் ஆண்டிகூட அழுகிறார். அதுவரை டிவியில் கொலை என்பது ஒரு புதிர்க்கணக்கு. பிணம் என்பது அதில் முதல் வரி. இங்கே ஓர் ஊரே துக்கம் காக்கிறது.

உங்கள் முதல் கேள்விக்கு இங்கிருந்துதான் வர வேண்டும்.

விடை சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயம் ட்வின் பீக்ஸுக்கு நடுவில் வந்ததில்லை, முதல் நாளிலிருந்தே இருந்தது. முதல் பகுதியை ஐரோப்பாவில் தனிப்படமாக வீடியோவில் விற்றுக்கொள்ள ஏற்பாடு. தனிப்படம் என்றால் முடிவு வேண்டும். அதனால் லின்ச் ஒரு முடிவை எடுத்துக் கொடுத்தாக வேண்டியிருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தவருக்கு, ஒருநாள் மாலை வெயிலில் சூடேறிய கார்க் கூரைமேல் கையை ஊன்றி நின்றபோது சிவப்பு அறை மனதில் வந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். சிவப்புத் திரைகள், கோடுபோட்ட தரை, குள்ள மனிதனின் நடனம், இருபத்தைந்து வருடம் வயதேறிய கூப்பர், அவர் காதோடு ரகசியம் சொல்லும் லாரா. நடிகர்கள் வசனத்தைப் பின்னிருந்து முன்னாகப் பேசக் கற்றுக்கொண்டு, அதை மறுபடி திருப்பிப் போட்டு எடுத்த காட்சி. பிறகு அது தொடரில் கூப்பரின் கனவாக வந்தது. நடுராத்திரி எழுந்து ஷெரீஃபுக்குப் போன் செய்து கொலையாளி யாரென்று தெரிந்துவிட்டது என்கிறார் கூப்பர். காலையில் பார்த்தால் பெயர் மறந்துபோயிருக்கிறது. முடிவு கொடு என்று கேட்டவர்களுக்காக எடுத்ததுதான் அந்தத் தொடரின் ஆழமான கேள்வியாக நிலைத்தது.

கொலையாளியின் முகம் கிடைத்த கதையும் அப்படித்தான். ஃப்ராங்க் சில்வா செட்டில் சாமான்களை ஒழுங்குசெய்பவர். லாராவின் அறையில் மேசை நாற்காலி நகர்த்திக்கொண்டிருந்தார். உள்ளேயே மாட்டிக்கொள்ளாதே ஃப்ராங்க் என்று யாரோ சொன்னது லின்ச் காதில் விழுந்தது. ‘நீ நடிப்பாயா?’ என்று கேட்டு, கட்டில் காலடியில் குந்தவைத்து ஒரு ஷாட் எடுத்து வைத்துக்கொண்டார். எதற்கென்று அவருக்கே அப்போது தெரியாது. அன்றே சாரா அலறிக்கொண்டு எழும் காட்சியை எடுத்தார்கள். ஒளிப்பதிவாளர் இது உதவாது, கண்ணாடியில் யாரோ தெரிகிறார்கள் என்றார். யார் என்று கேட்டால், ஃப்ராங்க். அந்தப் பிழையிலிருந்து வந்தவன்தான் பாப், லீலண்டுக்குள் குடியிருக்கும் பேய்.

ஆக, மகளைக் கொன்றது அப்பா. 1990 நவம்பர் 10 அன்று வந்த பகுதியில் இது வெளியானது. ரகசியம் கசிந்துவிடக் கூடாதென்று லீலண்டாக நடித்த ரே வைஸ் மட்டுமல்லாமல் வேறு நடிகர்களை வைத்தும் அந்தக் கொலைக் காட்சியை எடுத்தார்கள்.

ஏபிசியின் நெருக்குதலால்தான் சொன்னார்கள் என்பது உண்மை. பொன்முட்டையிடும் வாத்தை அறுத்துவிட்டோம் என்ற அர்த்தத்தில் லின்ச் வருந்தியதும் உண்மை. ஆனால் இதில் நான் லின்ச்சோடு உடன்படவில்லை. பெரிய கலைஞர், அவர் மேல் எனக்கு அளவற்ற மரியாதை, அப்படியும் இந்த ஒரு விஷயத்தில் அவர் பக்கம் நிற்க முடியவில்லை. லாராவுக்கு நடந்தது என்ன? வீட்டுக்குள்ளே, பன்னிரண்டு வயதிலிருந்து, பெற்ற அப்பனால் நடந்தது. அந்த வீட்டுக்கு வெளியே ஒருவருக்கும் தெரியாது. உள்ளே இருந்த அம்மா பார்க்காமல் இருந்துவிட்டாள், அல்லது பார்க்க முடியாதபடி ஆக்கப்பட்டாள். அதை என்றைக்கும் சொல்லாமல், அழகான மர்மமாகவே வைத்துக்கொண்டிருந்தால் அது அந்த வீடு செய்த காரியத்தையே தொடரும் செய்வதாகாதா? சொல்லத்தான் வேண்டும். சொன்னது சரி.

அதைச் சொன்ன விதத்தையும் பாருங்கள். லாராவின் சாயலில் இருக்கும் உறவுப் பெண் மேடியை, அவளாகவும் நடித்தது லாராவாக நடித்த ஷெரில் லீதான், லீலண்ட் கொல்கிறார். அதே நேரம் ரோட்ஹவுஸ் என்ற மதுக்கூடத்தில் பாட்டு நடந்துகொண்டிருக்கிறது. மேடையில் ராட்சத மனிதன் தோன்றி, மறுபடியும் நடக்கிறது என்று கூப்பருக்கு மட்டும் சொல்கிறான். கொலை முடிந்து மீண்டும் ரோட்ஹவுஸ். அங்கே இருக்கும் யாருக்கும் எதுவும் தெரியாது. ஆனால் டோனா காரணமே இல்லாமல் அழ ஆரம்பிக்கிறாள். பாரில் உட்கார்ந்திருக்கும் லாராவின் காதலன் பாபியின் முகம் கலங்குகிறது. வயசான பரிசாரகர் தளர்ந்த நடையில் வந்து கூப்பரின் தோளைத் தொட்டு, ரொம்ப வருத்தமாக இருக்கிறது என்கிறார். எதற்கென்று அவரும் சொல்லவில்லை, கூப்பருக்கும் தெரியவில்லை. எங்கோ ஒரு பெண்ணுக்கு அநியாயம் நடக்கும்போது ஊரில் இருக்கிறவர்கள் நெஞ்சில் காரணம் தெரியாமல் ஒரு பாரம் ஏறுமென்றால் உலகம் எவ்வளவு மேலானதாக இருக்கும் என்று அந்தக் காட்சியை ஒவ்வொரு தடவை பார்க்கும்போதும் எனக்குத் தோன்றும். தொலைக்காட்சியில் நான் பார்த்தவற்றில் இதற்கு மேலான ஐந்து நிமிடங்கள் இல்லை.

தப்பு நடந்தது அதற்குப் பிறகு. லீலண்ட் செத்துப்போகிறார், டிசம்பர் முதல் தேதி வந்த பகுதியில். அடுத்த வாரம் காரியத்துக்கு வந்தவர்கள் தட்டில் எடுத்துப்போட்டுக்கொண்டு சாப்பிடுகிறார்கள், இரண்டு கிழவர்கள் சண்டை போடுகிறார்கள், அதைப் பார்த்து எல்லோரும் சிரிக்கிறார்கள். சாரா பாமர், சில வாரங்களுக்குள் மகளையும் கணவனையும் பறிகொடுத்தவள், அந்தக் கூட்டத்தில் ஓர் ஓரம். அதன் பிறகு பல வாரங்களுக்கு அவளைக் காணவே காணோம். ஓட்டல் முதலாளி பென் ஹார்ன் அமெரிக்க உள்நாட்டுப் போர் பொம்மைகளோடு விளையாடுகிறார். கல்யாணமான நடீன் தன்னைப் பள்ளிக்கூடப் பெண் என்று நினைத்துக்கொள்கிறாள். லாராவின் ரகசியக் காதலன் ஜேம்ஸ் மோட்டார் சைக்கிளில் எங்கோ போய்விடுகிறான். லாராவின் பெயரைச் சொல்ல ஆளில்லை. அந்த வாரங்களில்தான் அம்மா முதல் தடவையாக வியாழக்கிழமை கூடத்தில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனாள்.

விடை தெரிந்ததும் ஜனங்கள் போய்விட்டார்கள் என்று சொல்கிறார்கள். நான் வேறு மாதிரி சொல்வேன். தொடரே லாராவை விட்டுப் போய்விட்டது, ஜனங்கள் அதன் பின்னால் போனார்கள். சனிக்கிழமை இரவுக்குத் தள்ளப்பட்டிருந்த தொடரை 1991 பிப்ரவரியில் ஏபிசி நிறுத்தி வைத்தது. ரசிகர்கள் கடிதம் எழுதிக் குவித்துத்தான் மிச்சப் பகுதிகளை வாங்கினார்கள். ஜூன் 10 அன்று கடைசி இரண்டும் ஒரே இரவில் வந்தன. கடைசிப் பகுதிக்கு லின்ச் திரும்பி வந்தார், சிவப்பு அறைக்குள் மீண்டும் போனார். அங்கே லாரா கூப்பரிடம், இருபத்தைந்து வருடம் கழித்துச் சந்திப்போம் என்கிறாள்.

அப்படிக் கடிதம் எழுதியவர்கள் யார் என்று யோசித்துப் பாருங்கள். அவர்களுக்குக் கொலையாளி யாரென்று தெரியும். புதிர் முடிந்துவிட்டது. பிறகு எதற்காக? வீடியோ கேசட்டில் பதிவுசெய்து ஒவ்வொரு ஃப்ரேமாக நிறுத்திப் பார்த்தவர்கள் அவர்கள். அவர்களுக்கு அந்த ஊரை விட்டு வர முடியவில்லை. துக்க வீட்டில் எல்லோரும் கிளம்பிப் போன பிறகும், விளக்கைப் பார்த்துக்கொண்டு இரண்டு பேர் உட்கார்ந்திருப்பார்களே, அப்படித்தான் நான் அவர்களை நினைத்துக்கொள்கிறேன். நோட்டுப் புத்தகம் வைத்திருக்கும் நீங்களும் அவர்களில் ஒருவர்.

1992 படத்தில் லின்ச் தொடர் செய்த தவறைத் திருத்தினார். லாராவின் கடைசி ஏழு நாட்கள். அதுவரை போட்டோவாக, பிணமாக, டைரி வரிகளாக, மற்றவர்களின் நினைவாக மட்டுமே இருந்தவள் நடந்து பேசிச் சிரித்துப் பயந்து நம் முன்னால் வந்தாள். வேடிக்கை வேண்டும் என்று வந்தவர்களுக்குப் படம் பிடிக்கவில்லை, விமர்சகர்கள் கிழித்தார்கள், அமெரிக்காவில் ஓடவும் இல்லை. ஷெரில் லீயை முதலில் எடுத்தது வெறுமே பிணமாகப் படுக்கத்தான் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்தப் பெண் இந்தப் படத்தில் செய்திருப்பதை நடிப்பு என்று சொல்லவே எனக்கு வாய் வரவில்லை. வீட்டுக்குள்ளேயே இப்படிப்பட்ட கொடுமையை அனுபவித்துத் தப்பியவர்கள் பிற்காலத்தில் தன்னிடம் வந்து நன்றி சொல்லியிருக்கிறார்கள் என்று அவர் கூறியிருக்கிறார்.

இனி உங்கள் கணவர் சொன்னது. அவர்மேல் கோபப்படாதீர்கள், நியாயமாகத்தான் கேட்டிருக்கிறார். ஆனால் 2017இன் கடைசி இரண்டு பகுதிகளில் விடை இருக்கிறது என்றுதான் நான் நினைக்கிறேன். கூப்பர் காலத்தில் பின்னால் போய், லாரா கொல்லப்பட வேண்டிய இரவில் அவள் கையைப் பிடித்து அழைத்துப் போகிறார். 1990இன் முதல் காட்சி திரும்பவும் வருகிறது. அன்று உடலைக் கண்டெடுத்த பீட் மீன்பிடிக்கப் போகிறார், இம்முறை கரையில் உடல் இல்லை. கொலை நடக்கவே இல்லை. நிம்மதிப் பெருமூச்சு விட வேண்டிய இடம். ஆனால் லாரா காட்டில் அவர் கையிலிருந்து நழுவிப் போய்விடுகிறாள். டெக்ஸஸில் ஒடெஸ்ஸா என்ற ஊரில், வேறு பெயரில், எதுவும் நினைவில்லாத ஒரு பெண்ணாக அவளைக் கண்டுபிடித்து, ராத்திரி முழுக்க காரோட்டி, ட்வின் பீக்ஸில் அவள் வீட்டு வாசலுக்குக் கூட்டிவருகிறார். கதவைத் திறப்பவள் யாரோ. பாமர் குடும்பத்தையே அவளுக்குத் தெரியாது. அந்தப் பாத்திரத்தில் நடித்தவர், எவரெட் நகரில் இருக்கும் அந்த நிஜ வீட்டின் உரிமையாளர். தெருவில் இறங்கி நின்று, இது எந்த வருடம் என்று கேட்கிறார் கூப்பர், தனக்குத் தானே கேட்பது மாதிரி.

அப்போது வீட்டுக்குள்ளிருந்து மெல்லிதாக ஒரு குரல். “லாரா…”

அது சாரா, ம. முதல் பகுதியில், அன்று காலை, மகள் இன்னும் எழுந்திருக்கவில்லை என்று நினைத்து மாடியைப் பார்த்துக் கூப்பிட்டாளே, அந்தக் கூப்பிடல். அதைக் கேட்டதும் அந்தப் பெண்ணுக்கு எல்லாம் நினைவு வந்துவிடுகிறது. அலறுகிறாள். வீட்டின் விளக்குகள் அணைகின்றன. கொலையை நடக்காமல் செய்துவிடலாம் என்று நல்ல மனசோடு வந்தவர் கூப்பர். ஆனால் கொலைக்கு முன்னால் அந்த வீட்டில் ஐந்து வருடம் நடந்ததே, அதை யார் நடக்காமல் செய்வது? அவள் பெயரை மாற்றலாம், ஊரை மாற்றலாம், அம்மாவின் ஒரு குரல் போதும், எல்லாம் திரும்ப வந்துவிடும். நீங்கள் அன்று இரவு அழுதது அதற்காகத்தான் என்று நினைக்கிறேன். நானும் கும்பகோணம் வீட்டுக் கூடத்தில்தான் அதைப் பார்த்தேன். ஈசிசேர் காலியாக இருந்தது. அம்மா போய் மூன்று வருடம் ஆகியிருந்தது. அந்தக் குரல் யாருடையது என்று அவளுக்கு நான் சொல்ல வேண்டியே இருந்திருக்காது.

அந்த 18 பகுதிகளில் எனக்கு மனசு உடைந்த இன்னோர் இடம், மரக்கட்டையைக் குழந்தைபோல் ஏந்திக்கொண்டிருக்கும் மார்கரெட். நடித்தவர் கேத்தரின் கோல்சன். புற்றுநோய் முற்றிய நிலையில் தன் வீட்டிலிருந்தபடியே நடித்துக்கொடுத்தார், 2015 செப்டம்பர் 28 அன்று, படப்பிடிப்பு முடிந்த சில நாட்களில் காலமானார். போனில் போலீஸ்காரர் ஹாக்கிடம் தான் இறந்துகொண்டிருப்பதைச் சொல்லி விடைபெறும் காட்சியில் மூக்கில் ஆக்ஸிஜன் குழாய், தலையில் முடி கொட்டிப்போய்க் கொஞ்சம்தான் மிச்சம். வேறெந்தத் தொடரும் தன் பழைய ஆட்களை இவ்வளவு அன்போடு வழியனுப்பி வைத்து நான் பார்த்ததில்லை. இசையமைத்த ஏஞ்சலோ படலமென்டி 2022இலும், லின்ச் 2025 ஜனவரியிலும் போய்விட்டார்கள். இனி எதுவும் வராது. இருப்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டியது நம்மைப் போன்றவர்கள்தான்.

மகளுக்குக் காட்டுங்கள். தனியாகப் பார்க்க விடாதீர்கள், பக்கத்தில் உட்காருங்கள். மேடி சாகும் காட்சி நீளமானது, கொடூரமானது, அதற்கு முன்பே அவளிடம் சொல்லிவிடுங்கள். 1992 படத்தை இன்னும் இரண்டு வருடம் தள்ளிப்போடலாம். வாரத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் இருக்கும் ஆறு நாளில் அவள் கேட்கப்போவதுதான் முக்கியம். கொன்றது யார் என்று ஆரம்பித்து, இவள் ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்ற கேள்விக்கு அவளாகவே வந்து சேருவாள். வந்ததும் நோட்டை மூடிவைத்துவிட்டு அவளோடு பேசுங்கள்.

ரோனட்டின் பாலத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். எனக்கு அது வெகுநாளாக உறுத்திக்கொண்டிருக்கிறது. லாரா கொல்லப்பட்ட அதே இரவில், அதே ரயில் பெட்டியிலிருந்து தப்பியவள் ரோனட் புலாஸ்கி. கிழிந்த உள்ளாடையோடு, கைகளில் கட்டிய கயிறு தொங்க, பித்துப்பிடித்தவள் மாதிரி அந்தப் பாலத்தில் நடந்துவருவாள். ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் நினைவில்லாமல் கிடந்து, எழுந்து, பாப்பின் படத்தைக் காட்டினால் உடம்பெல்லாம் உதறி, அதன் பிறகு கிட்டத்தட்ட கதையிலிருந்தே மறைந்துபோனாள். அவளுக்கு என்ன ஆனது என்று ஊரில் ஒருவர் கேட்கவில்லை. ரசிகர்கள் நாமும் அதிகம் கேட்டுவிடவில்லை. என் குறிப்புகளில் அவளுக்கு ஒரு பக்கம்கூட இல்லை.

அந்தப் பாலத்தில் இப்போது ரயில் இல்லை, ஜனங்கள் நடந்துபோகிறார்கள் என்று தெரியும். அடுத்த முறை போகும்போது மகளையும் கூட்டிக்கொண்டு இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு மெதுவாக நடந்து பாருங்கள். அவள் நடந்த நேரத்துக்கே போங்கள், காலையில். எத்தனை அடி தூரம், கீழே ஆறு எந்த நிறத்தில் ஓடுகிறது, குளிர் எப்படி இருக்கிறது, வெறுங்காலோடு ஒரு பெண் அந்த மரப்பலகைகளில் நடந்தால் எவ்வளவு நேரம் ஆகும், எல்லாவற்றையும் உங்கள் நோட்டில் எழுதி எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.

அன்புடன்.